‘ப்ரீபோன்’ தப்பா, ‘ஐ ஹேவ் எ டவுட்’ சரியா? ஆபீஸ் ஆங்கிலத்துக்குத் தேவை ஒரு ‘வழுவமைதி’

இன்ஸ்டாவைத் திறந்தால் எப்படியும் ஒரு ரீல் கண்ணில் படும். ‘இந்தியர்கள் தப்பாகப் பேசும் பத்து ஆங்கில வார்த்தைகள்’. ‘ப்ரீபோன்’ என்று சொல்லாதீர்கள், ‘டூ தி நீட்ஃபுல்’ என்று எழுதாதீர்கள், ‘கஸின் பிரதர்’ என்றால் சிரிப்பார்கள். அடுத்த ரீலில் இன்னொருவர் வேறு பத்து வார்த்தைகளோடு வருவார்.

இதையெல்லாம் சேவ் பண்ணி வைத்துக்கொண்டு, மறுநாள் கிளையன்ட் மீட்டிங்கில் உட்காரும் ஒருவர் என்ன செய்வார்? மைக்கை மியூட்டில் போடுவார். பதில் தெரிந்தாலும் சாட்டில் டைப் செய்வார், அழிப்பார், மறுபடி டைப் செய்வார். அதற்குள் அதே பதிலை இன்னொருவர் சொல்லி முடித்திருப்பார். அப்ரைசல் வரும்போது ‘கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்’ என்று ஒரு வரி இருக்கும். எதை, எப்படி என்று இருக்காது.

சிக்கல் அவருடைய ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. சரி, தப்பு என்று இரண்டே இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை அளக்கிறோம். அதில் சிரிப்புக்குரிய சின்ன விஷயமும், வேலையையே குழப்பிவிடும் பெரிய விஷயமும் ஒரே ‘தப்பு’ பெட்டிக்குள் போய்விடுகின்றன.

பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா?

தமிழ் இலக்கணத்தில் மூன்று பெட்டிகள் உண்டு. இலக்கணப்படி பிழையில்லாமல் இருப்பது வழாநிலை. பிழையாக இருப்பது வழு. பிழைதான் என்றாலும் ஏதோ ஒரு காரணத்தால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி.

மகளைப் பார்த்து ‘வாடா கண்ணு’ என்று அம்மா கொஞ்சினால் அது பால் வழுவமைதி. ‘அமைச்சர் நாளை மதுரை வருகிறார்’ என்று செய்தி வாசித்தால் அது கால வழுவமைதி. ‘வருவார்’ என்பதுதானே சரி என்று யாரும் டிவி சேனலுக்கு போன் போடுவதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் விஷயம் தெளிவாக இருக்கிறது. மொழி அதை அனுமதிக்கிறது.

சொந்த மொழிக்கு இந்தச் சலுகையைக் கொடுக்கும் நாம், ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் கையில் சிவப்புப் பேனாவோடு நிற்கிறோம். பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஓர் அகாடமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி எந்த அமைப்பும் இல்லை. பேசுபவர்களின் வழக்கைப் பார்த்துத்தான் அகராதிகள் எழுதப்படுகின்றன. பேசுபவர்களில் இந்தியர்களும் அடக்கம்.

ஆகவே, அடிக்கடி எழும் கேள்விகளை இந்த மூன்று பெட்டிகளில் போட்டுப் பார்க்கலாம்.

‘ப்ரீபோன்’, ‘டூ தி நீட்ஃபுல்’ எல்லாம் தப்பா?

தப்பு இல்லை. ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக இதைப் பயன்படுத்தலாமா என்று 1913-லேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே அது ஒட்டவில்லை. இந்தியாவில் ஒட்டிக்கொண்டது. மீட்டிங்கை முன்கூட்டியே வைப்பதற்கு ஒரே வார்த்தை கிடைக்கிறதென்றால் அது மொழிக்கு லாபம்தான்.

‘டூ தி நீட்ஃபுல்’ பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த சரக்கு. 18, 19-ம் நூற்றாண்டுகளில் அவர்களே சாதாரணமாக எழுதியது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நம் அரசு அலுவலகக் கோப்புகள் விடவில்லை. பழைய வாடை அடிக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ கூட அப்படித்தான். அதிகாரிகள் பணியமர்த்தப்பட்ட ஊரை ‘ஸ்டேஷன்’ என்று சொன்ன காலத்தின் மிச்சம்.

‘கஸின் பிரதர்’ வேறு கதை. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்கிறோம். வெறும் ‘கஸின்’ என்ற சொல் ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சொல்லாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கூடவே ஒரு ‘பிரதர்’. மனைவியின் சகோதரியின் கணவருக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் இல்லை. சகலை என்பதற்கு நம்மவர்கள் ‘கோ-பிரதர்’ என்று ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்திய மொழிகளிலிருந்து சுமார் 70 சொற்களைச் சேர்த்தபோது அதில் ‘அண்ணா’வும் இருந்தது.

‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ என்பதில் வரும் ‘ஒன்லி’ நம்முடைய ‘தான்’. ‘எஸ்டர்டே இட்செல்ஃப்’ என்பதில் வரும் ‘இட்செல்ஃப்’ நம்முடைய ‘நேத்தே’. ‘டுடே மார்னிங்’ என்பது ‘இன்னைக்குக் காலைல’. லண்டன்காரர் ‘திஸ் மார்னிங்’ என்பார். ஆனால், ‘டுடே மார்னிங்’ என்றால் அவருக்குப் புரியாமல் போகாது.

இவை அத்தனையும் வழுவமைதி. நம் ஊர் ஆபீஸில் தாராளமாகப் புழங்கலாம். வெளிநாட்டு கிளையன்டுக்கு எழுதும்போது மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். ‘ப்ரீபோன்’ என்பதற்கு ‘மூவ் அப்’ என்று எழுதலாம். அது மரியாதைக்காகச் செய்யும் மாற்றம். கோயம்புத்தூர்க்காரர் நாகர்கோவிலில் பேசும்போது ஒன்றிரண்டு வார்த்தைகளை மாற்றிக்கொள்வாரே, அந்த மாதிரி.

அப்படியென்றால் எதுவும் தப்பே இல்லையா?

இருக்கிறது. சொல்ல வந்தது ஒன்று, கேட்பவருக்குப் போய்ச் சேர்வது வேறொன்று என்றால் அது வழு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், ரீல்ஸில் இவை அதிகம் வருவதில்லை. கேட்டால் சிரிப்பு வராது, அதனால் இருக்கலாம்.

‘ஐ ஹேவ் எ டவுட்’: தமிழில் ‘ஒரு சந்தேகம்’ என்றால் கேள்வி கேட்கப் போகிறோம் என்று அர்த்தம். அதே சந்தேகம் அவநம்பிக்கையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்றதும் இரண்டாவது அர்த்தம்தான் முன்னால் வந்து நிற்கும். ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் டிசைன்’ என்று ஒரு ஜூனியர் சொன்னால், ‘உங்க டிசைன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல’ என்று அமெரிக்க மேனேஜர் காதில் விழ வாய்ப்பிருக்கிறது. ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

‘ப்ளீஸ் ரிவர்ட்’: இந்தியாவில் இதன் பொருள் ‘பதில் அனுப்புங்கள்’. பொது ஆங்கிலத்தில் ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள் வேலையில் இன்னும் ஆபத்து. ‘கிட்’ பயன்படுத்துபவர்களுக்கு ‘ரிவர்ட்’ என்பது செய்த மாற்றத்தை நீக்கும் கட்டளை. ‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்’ என்று கோட் ரிவ்யூவில் எழுதினால், பதில் வருவதற்குப் பதிலாக கோடே காணாமல் போகலாம். ‘ரிப்ளை’ என்ற எளிய சொல் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

‘எஸ்’ஸா, ‘நோ’வா: ‘ஹேவன்ட் யூ சென்ட் த ஃபைல் யெட்?’ என்று கேட்கிறார்கள். இன்னும் அனுப்பவில்லை. தமிழில் ‘ஆமா, இன்னும் அனுப்பல’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று நம் ‘ஆமா’ ஒப்புக்கொள்கிறது. ஜப்பானிய மொழியிலும் இதே வழக்கம்தான். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும், அனுப்பியிருந்தால் ‘எஸ்’, அனுப்பவில்லை என்றால் ‘நோ’. வெறும் ‘எஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனால், ஃபைல் வந்துவிட்டது என்று அவர் இன்பாக்ஸில் தேடிக்கொண்டிருப்பார். எஸ், நோ என்று நிறுத்தாமல் ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்று முழுசாகச் சொல்வதே பாதுகாப்பு.

‘ஐ ஹாட் சென்ட்’: ‘நேத்தே அனுப்பியிருந்தேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஹாட் சென்ட் இட் எஸ்டர்டே’ என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹாட்’ வந்தால், அதற்குப் பிறகு நடந்த இன்னொரு விஷயமும் வர வேண்டும். ‘நீங்கள் போன் செய்வதற்கு முன்பே அனுப்பியிருந்தேன்’ என்பது போல. வெறும் ‘ஹாட் சென்ட்’ என்றால், ‘சரி, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பவர் காத்திருப்பார். ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’ போதும்.

‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’: பணிவுக்காகப் போடும் ‘வுட்’ இது. ஆனால் ‘ஏதோ ஒன்று நடந்தால் லீவு எடுப்பேன்’ என்ற நிபந்தனை வாடை இதில் வந்துவிடுகிறது. லீவு உறுதி என்றால் ‘வில்’.

‘பை’, ‘அன்டில்’: ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுப்பேன் என்றால் ‘பை ஃப்ரைடே’. வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன் என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. தமிழில் ‘குள்’, ‘வரை’ என்று இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பமும் இப்படித்தான். ‘2021-லேருந்து’ என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘மூணு வருஷமா’ என்று கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’. தமிழில் யோசிக்காதே என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அறிவுரை சொல்வார்கள். இந்த இரண்டு இடங்களில் தமிழில் யோசித்தால்தான் சரியாக வரும்.

‘எ’, ‘தி’: தமிழில் இல்லாத சங்கதி, அதனால் நழுவிவிடும். பெரும்பாலான இடங்களில் விட்டுப்போனாலும் பெரிய சேதம் இல்லை. சில இடங்களில் உண்டு. ‘வி ஃபவுண்ட் எ பக்’ என்றால் புதிதாக ஒரு பிழை கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். ‘வி ஃபவுண்ட் தி பக்’ என்றால் இத்தனை நாள் தேடிய அந்தப் பிழை சிக்கிவிட்டது. முதலாவது கெட்ட செய்தி, இரண்டாவது நல்ல செய்தி. ‘எ ஃப்யூ யூசர்ஸ் கம்ப்ளெய்ன்ட்’ என்றால் சிலர் புகார் சொன்னார்கள். அந்த ‘எ’ காணாமல் போனால், புகார் சொன்னவர்கள் அனேகமாக இல்லை என்று ஆகிவிடும். ஓர் எழுத்தில் கிளையன்டின் தூக்கம் கெடும், அல்லது கெட வேண்டிய தூக்கம் கெடாமல் போகும்.

பள்ளியில் சொன்ன விதிகள் எல்லாம் உண்மையா?

சில விதிகள் விதிகளே இல்லை. வாக்கியத்தை ‘ப்ரெபோசிஷன்’ வைத்து முடிக்கக் கூடாது என்பது ஒன்று. 17-ம் நூற்றாண்டில் கவிஞர் ஜான் டிரைடன் இதைக் குறையாகச் சொன்னார். 1762-ல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூல் வழியாக அது இன்னும் பரவியது. ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்று ஆங்கிலேயர்கள் அப்போதும் பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள்.

‘டு’ என்ற சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் வேறு சொல் வரக் கூடாது என்பது 19-ம் நூற்றாண்டில் சூடுபிடித்த ஒரு வெறுப்பு. ‘அண்ட்’, ‘பட்’ வைத்து வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்பதற்கும் பெரிய ஆதாரம் கிடையாது.

ஒருவரை ‘தே’ என்று சொல்லலாமா என்பது இப்போது ஹெச்ஆர் மெயில்களில் அடிக்கடி எழும் கேள்வி. தாராளமாகச் சொல்லலாம். ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியிருக்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019-ம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு மாமியாரை ‘அவங்க வந்தாங்க’ என்று பன்மையில் சொல்லும் நமக்கு இது புதுசும் இல்லை.

இடியம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

இன்டர்வியூவுக்கு முன் நூறு இடியம் மனப்பாடம் செய்பவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் பூனையும் நாயும் விழ வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. நிஜத்தில் வெளிநாட்டு சக ஊழியர் ‘இட்ஸ் போரிங்’ என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துவார். அதில் வரும் ‘போரிங்’ கொட்டுகிற மழை, சலிப்பு இல்லை.

தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டவர், ஜோக் ஒன்றைக் கேட்டுவிட்டு ‘யாருக்குக் காது குத்துகிறீர்கள்?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? வார்த்தை சரி, இடம் தப்பு. இடியம் என்பது அப்படிப்பட்ட சாமான். இடமும் தொனியும் தெரியாமல் கையில் எடுத்தால் வழுக்கிவிடும்.

அதனால் பேசுவதற்கு இடியம் தேவையில்லை. காதில் விழும்போது புரிய வேண்டும், அவ்வளவுதான். ‘லெட் மீ ஸ்லீப் ஆன் இட்’ என்று கிளையன்ட் சொன்னால், இன்றைக்கு முடிவு இல்லை, யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று பொருள். ‘லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்’ என்றால், இந்த மீட்டிங்கில் வேண்டாம், தனியாகப் பேசிக்கொள்ளலாம். ‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் மரியாதை வரப்போவதில்லை, மறுப்பு வரப்போகிறது. பிரிட்டிஷ்காரர் ‘நாட் பேட்’ என்றால் பெரும்பாலும் அது பாராட்டு.

அவர்களுக்கு மட்டும் எல்லாம் தெளிவா?

அதுவும் இல்லை. ‘டேபிள்’ என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வதென்றால் விவாதத்துக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் அதை ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததையும், கடைசியில் இருவரும் விரும்பியது ஒன்றுதான் என்று தெரிந்ததையும் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் பதிவுசெய்திருக்கிறார்.

‘பை-வீக்லி’ என்றால் வாரம் இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா? அகராதி இரண்டு பொருளையும் தருகிறது. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இதில் ஒரே கருத்து கிடையாது. தேதியைப் போட்டுவிடுவதுதான் ஒரே வழி. நம் பங்குக்கு லட்சம், கோடியை அவர்களுக்காக மில்லியனில் எழுதிவிடலாம்.

‘இதெல்லாம் சரி, இன்டர்வியூவில் யார் கேட்பார்கள்?’

நியாயமான கேள்வி. ‘டுடே மார்னிங்’ வழுவமைதி என்று இங்கே சொல்லிவிடலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் உதட்டைச் சுழித்தால் வேலை போவது பேசியவருக்குத்தான். ஆங்கில வழியில் படித்து, வீட்டிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கும், தமிழ் வழியில் படித்து கல்லூரியில்தான் முதல்முறையாக ஆங்கிலத்தில் வாய் திறந்தவருக்கும் ஒரே அளவுகோல். அந்த அளவுகோல் பல நேரங்களில் ஆங்கிலத்தை அளப்பதில்லை. ஊரையும் பள்ளியையும் அளக்கிறது.

எனவே மாற வேண்டியவர்களின் பட்டியலில் பேசுபவரின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இன்டர்வியூ எடுப்பவர், டீம் லீட், ஹெச்ஆர் எல்லோருக்கும் ஒரு பங்கு உண்டு. ‘டிட் யூ வென்ட்?’ என்று ஒருவர் கேட்டால் அது இலக்கணப் பிழைதான். ‘டிட் யூ கோ’ என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பிழையால் யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை. பதினைந்து பேர் இருக்கும் கால்-ல் அதைத் திருத்துபவர், ஒரு வினைச்சொல்லைச் சரிசெய்கிறார், ஓர் ஆளை ஊமையாக்குகிறார். அந்த ஆளுக்கு சர்வர் ஏன் விழுந்தது என்பது தெரிந்திருக்கலாம்.

கல்லூரிகளில் ஆங்கிலப் பயிற்சி இப்போது நிறையவே நடக்கிறது. அங்கே முதல் வாரத்தில் கற்றுத்தர வேண்டியது ‘கஸின் பிரதர்’ சொல்லாதே என்பதை இல்லை. ‘எஸ்’, ‘நோ’ குழப்பத்தையும், ‘பை’, ‘அன்டில்’ வித்தியாசத்தையும், புரியாதபோது ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கூச்சமில்லாமல் கேட்பதையும்தான். கடைசி வாக்கியம் மட்டும் தெரிந்திருந்தால் பாதி மீட்டிங்கைச் சமாளித்துவிடலாம்.

மெயில் அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

ஒன்று: இதை நான் நினைத்த அர்த்தத்தில்தான் அவர் படிப்பாரா? இல்லை என்றால் மாற்றுங்கள். தேதி, நேரம், எண், ஆமா-இல்லை ஆகிய நான்கையும் இன்னொரு தடவை பாருங்கள்.

இரண்டு: படிப்பவர் இந்தியரா, வெளிநாட்டவரா? இந்தியர் என்றால் ‘ப்ரீபோன்’ அப்படியே இருக்கட்டும்.

மூன்று: இது பிழையா என்ற பயம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறதா? அப்படியென்றால் ‘சென்ட்’ பட்டனை அழுத்திவிடலாம்.